பெறுநர் பெயர் தெரியாத ரோடு

1

டொம்.

டாக்ஸியின் அடிவயிறு கல்லில் இடித்து நின்றது. ஹனீஃப் என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தான். பின் சீட்டில் சடையப்பன் தன் இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தார், குலுக்கல் அந்தக் காலுக்கு மட்டும் தெரியாமல் போகட்டும் என்பதுபோல. பக்கத்தில் இருந்த பாக்கியம் முதலில் காலைப் பார்த்தாள். பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னையோட சரி," என்றான் ஹனீஃப். "போன வாரம் சைலன்சர். இன்னைக்கு என்ன போச்சுன்னு கீழ படுத்துப் பாத்தாத்தான் தெரியும். இனிமே ஓடை கிராசிங் வரைக்கும்தான் வருவேன்."

"வீடு கிராசிங்குக்கு அந்தப் பக்கம்ல இருக்கு."

"அதான் நானும் சொல்றேன். வீடு அந்தப் பக்கம். டாக்ஸி இந்தப் பக்கம்."

இது மூன்றாவது தொடக்கம். முதலில் எழுதியது இப்படி: 'லம்பாசா நகரத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர் வெளியே, பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து வைகூலா குடியிருப்புக்குப் போகும் மண்ரோட்டின் மொத்த நீளம்' — அதற்கு மேல் எனக்கே படிக்க முடியவில்லை. இரண்டாவது: 'சடையப்பனின் இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான்.' நல்ல வரிதான். ஆனால் வாரப் பத்திரிகையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். ஆகவே சத்தம். இருபத்தாறு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறவனுக்கு, ஒன்றும் தோன்றாதபோது எதையாவது எதிலாவது மோதவிடத் தெரியும்.

(அன்று முன் சீட்டில் நான் இருந்தேன். கதையில் அந்த சீட்டைக் காலியாக விட்டிருக்கிறேன். எழுதுகிறவன் வண்டியில் இருந்தால் எல்லாரும் கொஞ்சம் ஒழுங்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.)

2

உண்மையைச் சொன்னால், இது கதையாகப் பிறக்கவில்லை. கடிதமாகப் பிறந்தது.

பாக்கியத்தின் முழுப்பெயர் தனபாக்கியம். வயது அறுபத்திரண்டு. சனிக்கிழமை சந்தையில் பயற்றங்காய் விற்றுவிட்டு, மிஞ்சிய இரண்டு கட்டுகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகளுக்கு நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். அந்த உரிமையில் கேட்டாள்.

"மாஸ்டர், வாராவாரம் என்னென்னவோ எழுதுறீங்க. எங்க ரோட்டுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க."

தாளை எடுத்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் என்று எழுதி, நிமிர்ந்தேன்.

"யாருக்கு?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் வாத்தியார் வேலை பார்த்தவன். எந்தப் படிவத்துக்கு எந்த ஜன்னல் என்று ஊரே என்னிடம்தான் கேட்கும். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "எல்லாருக்கும் பொதுவா எழுதிடலாம்" என்றேன். 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் அவர்களுக்கு, கீழே கையெழுத்திட்டுள்ள தனபாக்கியம் ஆகிய நான்' — அதோடு நிற்கிறது. அந்தத் தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

அவள் பதறவில்லை. கையைப் பிசையவில்லை. சமையல் செய்முறை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். சடையப்பனுக்குச் சர்க்கரை. இடது காலில் புண். நவம்பரில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வாரம் மூன்று நாள் சுகாதார நிலையத்தில் கட்டு மாற்ற வேண்டும். புண்ணில் ஈரம் படக்கூடாது. ஜனவரி வெள்ளத்தில் கிராசிங் போய்விட்டது. அதாவது ஓடையின் குறுக்கே போட்டிருந்த சிமெண்டுத் தளமும் அதற்கடியில் இருந்த குழாய்களும் போய், இப்போது அங்கே கல்லும் தண்ணீரும்தான். அக்கம்பக்கத்தார் சேர்ந்து இரண்டு தடவை கல் கொட்டி நிரப்பினார்கள். இரண்டு தடவையும் மழை வந்து வாரிக்கொண்டு போனது. இத்தனை நாள் ஹனீஃப் எப்படியோ உருட்டிக் கொண்டுவந்து விட்டான். இனி மாட்டைப் பூட்டி, சக்கரமில்லாத மரச்சறுக்கில் அவரை உட்கார வைத்து ஓடையில் இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

"ரொட்டி வர்ற பிளாஸ்டிக் பை இருக்குல்ல மாஸ்டர், அதைக் கால்ல மாட்டி ரப்பர் பேண்டு போட்டுடுறேன். இருந்தாலும் தண்ணிக்கு வழி தெரியும்."

"சிஸ்டர் என்ன சொல்றாங்க?"

"அடுத்த தடவை விரல்ல நிக்காதுன்னு சொல்றாங்க."

இதுதான் விஷயம். மற்றதெல்லாம் நான் எழுதுவது.

3

சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்து, கட்டுப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பாக்கியம் அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு கட்டுக்கு ஓர் அலுவலகம்.

திங்கட்கிழமை, நகரசபை. பூப்போட்ட சட்டை போட்ட இளைஞன் ஒருவன் மரியாதையாக நாற்காலி போட்டான்.

"எங்க எல்லை மில் வளைவோட முடியுது ஆன்ட்டி. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு பல்பு மாட்டணும்னாலும் எங்களால முடியாது."

"பல்பு வேண்டாம்பா. ரோடுதான்."

"ரோடு அதைவிடப் பெருசு."

புதன்கிழமை, சாலை ஆணையம். குளிர்பதன அறை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், கம்ப்யூட்டர்.

"ரோடு நம்பர் சொல்லுங்க."

"நம்பர் தெரியாதும்மா. வைகூலா ரோடுன்னா எல்லாருக்கும் தெரியும்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியலையே." அவள் திரையைப் பெரிதாக்கினாள், நகர்த்தினாள். "மாமரத்துக்கிட்ட திரும்புமே, அதுவா? மாமரம் வரைக்கும் எங்க ரோடு. அதுக்கப்புறம் படத்துல புல்லுதான் காட்டுது."

"என் கல்யாணத்துக்கு அந்தப் புல்லு மேல பஸ்ஸே வந்துச்சு."

"நம்பர் இல்லாம புகாரை ஏத்த முடியாது ஆன்ட்டி. நான் ஏத்தினாலும் அது துப்பிடும்."

"எங்க, ஒரு தடவை ஏத்திப் பாரு."

அந்தப் பெண் ஏற்றிப் பார்த்தாள். அது துப்பிவிட்டது. திரையைத் திருப்பிக் காட்டவும் செய்தாள். பாக்கியத்துக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் பலமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை, மாவட்ட அலுவலகம். இங்கே இருந்தவர் வயதானவர், நல்லவர், பாதி தூக்கத்தில் இருப்பவர்.

"கிராமம்னா ஊர்த்தலைவர் எழுதிக் கொடுக்கணும். உங்களது கிராமம் இல்ல, குடியிருப்பு. குடியிருப்புன்னா உங்க பக்கத்து ஆலோசகர் எழுதணும்."

"ஆலோசகர் யாரு?"

"போன வருஷம் பிரிஸ்பேன் போயிட்டார். புதுசா இன்னும் போடலை."

"அவரைப் போடுற வரைக்கும்?"

"மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. வாங்கி வைக்கிறேன்."

"வாங்கி வச்சு?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "வச்சிருப்பேன்," என்றார். பிறகு, வாசல் வரை போய்விட்டவளைக் கூப்பிட்டு, "அந்தக் காலத்துல அது கரும்பு ரோடுதானே? கரும்பு அலுவலகத்துல கேட்டீங்களா?" என்றார்.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: 'டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கக்கூடாதா?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாக்கியத்தின் தங்கை வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கினார்கள். பதின்மூன்றாம் நாள் காலையில் சடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, மாட்டைப் பார்க்கணும் என்று பஸ் ஏறிவிட்டார். 'நர்ஸ் வீட்டுக்கு வரக்கூடாதா?' நர்ஸின் வண்டியும் அந்தக் கிராசிங் வரைதான் வரும். எல்லாக் கேள்வியும் கடைசியில் கிராசிங்கில் வந்து நின்றுவிடுகிறது. வேறு கேள்வி இருந்தால் அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பும்போது ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தது. மரச்சறுக்கு கல்லில் ஏறிச் சாய்ந்தது. ரொட்டிப் பை நழுவியது. பாக்கியம் ஒரு கையால் மாட்டுக் கயிற்றையும் மறு கையால் அவர் காலையும் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

('அந்தக் கணத்தில் அவள் மனதில்' — என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் மனதில் மாடுதான் இருக்கும்.)

திங்கட்கிழமை சிஸ்டர் மெரெவாலேசி கட்டைப் பிரித்தவுடன் மூக்கைச் சுருக்கினாள்.

"இது வீட்டு ஈரம் இல்ல. ஆத்து ஈரம். யாரு ஆத்துல இறக்கினது?"

"மாடு," என்றார் சடையப்பன்.

"அந்த மாட்டை நாளைக்கு இங்க கூட்டிட்டு வாங்க. உங்களுக்குப் பேசிப் பிரயோசனம் இல்ல, அதுகிட்ட பேசுறேன்." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். பிறகு பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஓரம் கறுத்திருக்கு அக்கா. நான் கழுவி வச்சிருக்கேன். ஒரு மாசம் ஈரம் படாம கொண்டு வந்தீங்கன்னா இந்தக் காலை நான் காப்பாத்திக் கொடுத்துடுவேன். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரி. கணுக்காலுக்கு மேல எடுப்பாங்க."

4

கரும்பு அலுவலகத்தில் விலிசோனி மத்தியானச் சாப்பாட்டில் இருந்தான். மேசைமேல் அவித்த மரவள்ளி, டப்பா மீன், பச்சை மிளகாய். பாக்கியத்தைக் கண்டதும் ஒரு துண்டு மரவள்ளியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். அந்த அலுவலகத்தில் அதுதான் டோக்கன்.

"வைகூலாவா? ஆமா, எங்க ரோடுதான்."

பாக்கியம் மரவள்ளியைக் கையில் எடுத்தபடியே நின்றுவிட்டாள். நாலு இடத்தில் கேட்டு, முதல் தடவையாக ஒருவர் 'எங்க ரோடு' என்கிறார்.

"எங்க ரோடா இருந்துச்சு," என்று முடித்தான் விலிசோனி. "எந்த ரோட்டுல கரும்பு லாரி போகுதோ, அதை நாங்க பாத்துக்குவோம். சீசனுக்கு முன்னாடி ரோட்டை மட்டம் பண்ண கிரேடர் அனுப்புவோம், குழாய் போடுவோம், மண்ணு கொட்டுவோம். வைகூலாவுல இருந்து ஆறு வருஷமா ஒரு தண்டு வரலை அக்கா. நம்பரை எடுத்துட்டோம்."

"எதோட நம்பரை? ரோட்டோடதா, பண்ணையோடதா?"

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வைகூலாவில் மூன்று கரும்புப் பண்ணைகள் இருந்தன. இரண்டு குடும்பம் வெளிநாடு போய், அவர்கள் குத்தகையும் முடிந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பவர்கள் காய்கறி போடுகிறவர்கள். மூன்றாவது பண்ணை சடையப்பனுடையது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சீசன் முடிந்ததும் திடீரென்று கரும்பை விட்டுவிட்டார். முட்டி வலி என்றார். கத்தரி, பயறு என்று மாறினார்கள். காய்கறி பஸ்ஸில் போகும். லாரியில் போகாது. அப்படித்தான் ஒரு ரோடு அநாதையானது. யாருக்கும் கடிதம் வரவில்லை, யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு பட்டியலில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான்.

விலிசோனி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தான்.

"குத்தகை இன்னும் அண்ணன் பேர்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அரை ஏக்கர் நடுங்க. விளைஞ்சிருக்கணும்னு இல்ல, மண்ணுல நின்னா போதும், நான் வந்து பாத்து எழுதிக்கிறேன். பக்கத்துல கரும்பு வெட்டுற கேங்கில சேர்ந்துக்கங்க. அண்ணன் இதுல கையெழுத்துப் போட்டா பழைய நம்பர் உயிர் வந்துடும். நம்பர் வந்தா ரோடு வந்துடும். பட்டியல் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மூடுவாங்க. அடுத்த வாரமே கிரேடர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஆரம்பிச்சா விடக்கூடாது. ரெண்டு சீசன் கரும்பு வரலேன்னா மறுபடியும் பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் நானே நெனச்சாலும் சேர்க்க முடியாது. அண்ணனுக்கு முடியலேன்னா நீங்க, உங்களுக்கு முடியலேன்னா உங்க பிள்ளைங்க. யாராவது அனுப்பிக்கிட்டே இருக்கணும்."

"மகள் ஆக்லாந்துல இருக்கா."

"அங்க இருந்து லாரி வராதே அக்கா," என்று சிரித்தான் விலிசோனி.

5

நட்டார்கள். இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடவுக் காட்சியை மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், மண் வாசனை, வியர்வை, சூரியன் எல்லாம் வரும். எழுதும்போது நன்றாக இருந்தது. மறுநாள் படித்தபோது, நான் வராந்தாவில் லெமன் இலைத் தேநீர் குடித்துக்கொண்டு எழுதியது என்று ஒவ்வொரு வரியும் காட்டிக் கொடுத்தது.

நடந்தது இவ்வளவுதான். பக்கத்து வெட்டு கேங்கின் தலைவர், அதாவது சர்தாரிடம் போய் விதைக்கரும்பு கேட்டாள்.

"என்னக்கா இது," என்றார் சர்தார். "எல்லாரும் கரும்பை விட்டுட்டு இந்தப் பக்கம் ஓடி வர்றாங்க. நீங்க எதிர்ல வந்து இடிக்கிறீங்க."

"எனக்குக் கரும்பு வேண்டாம். ரோடு வேணும்."

"ரோடு வேணும்னு கரும்பு நடுறது, தேங்காய் வேணும்னு பிள்ளையாரை வாங்குற மாதிரி இருக்கு."

சொன்னாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூலி வேண்டாம், கோழிக்கறி போதும் என்றார்கள். மாட்டைப் பூட்டிச் சால் ஓட்டினார்கள். பாக்கியம் கரணைகளைப் போட்டுக்கொண்டே போனாள். சடையப்பன் வராந்தாவில் காலை ஸ்டூல்மேல் நீட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"மூணாவது வரிசை கோணலா போகுது."

"நீங்க வந்து நேராக்குங்க," என்றாள் பாக்கியம் நிமிராமலே.

[ஒரு சர்க்கரை நோயாளியின் காலைக் காப்பாற்றக் கரும்பு நடுகிறார்கள். நீங்கள் இந்நேரம் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன். பத்திரிகை ஆசிரியர் கவனித்தால் தலைப்பாகவே வைத்துவிடுவார். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக எதையோ கண்டுபிடித்துவிட்டதுபோல இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். "இங்க யாருக்கு மாஸ்டர் சர்க்கரை இல்ல?" என்று கேட்டுவிட்டுக் கோழிக்கறியைக் கிளறப் போய்விட்டாள்.]

பத்தாம் நாள் முளை தெரிந்தது. விலிசோனி கிராசிங்கில் பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து பார்த்து, எழுதிக்கொண்டு போனான். இடையில் நாலு கட்டு. ஒவ்வொரு தடவையும் ஹனீஃப் டாக்ஸியைக் கிராசிங்குக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஓடையில் இறங்கி, சடையப்பனை முதுகில் தூக்கிக் கொண்டுவந்தான். "அண்ணே, மூச்சை இழுத்துப் பிடிங்க, கனம் கம்மியாகும்" என்பான். நனையவில்லை. ஆனால் ஹனீஃபுக்கு வரும் சனிக்கிழமையோடு டாக்ஸி கிடையாது. தீவுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்துவிட்டது.

மிச்சம், ஒரு கையெழுத்து.

6

"ஏங்க, இங்க ஒரு கையெழுத்து."

"கண்ணாடி எங்க?"

கொண்டுவந்து கொடுத்தாள். சடையப்பன் படிவத்தை முழுசாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தார். பிறகு மடித்துக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு என்ன பாக்கப் போறீங்க? எழுத்து மாறிடுமா?"

"நான் போடலை பாக்கியம்."

"ஏன், கையும் வலிக்குதா?"

"போடலேன்னா விடேன்."

"சிஸ்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"கணுக்காலுக்கு மேலன்னாங்க."

"அதுவும் விழுந்துச்சு. காதுல ஒண்ணும் எடுக்கலையே இன்னும்."

பாக்கியம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அவ்வளவு துணி அந்த வீட்டில் கிடையாது.

இந்த இடத்தில் கதை எட்டு நாள் நின்றுவிட்டது. சடையப்பனை எனக்குப் புரியவில்லை. நான் உண்டாக்கிய பாத்திரமாக இருந்தால் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்திருப்பேன்.

ரோஷம் என்று எழுதிப் பார்த்தேன். கரும்பை விட்டவன் மறுபடி அதே அலுவலகத்து வாசலில் போய் நிற்பதா என்கிற ரோஷம். மில்லைப் பற்றி, லாரிக்காகக் காத்துக் காய்ந்துபோன கரும்பைப் பற்றி, ஒன்றரைப் பக்கத்துக்கு அவரைப் பேச வைத்தேன். நன்றாகவே பேசினார். ஆனால் சடையப்பன் தன் வாழ்நாளில் ஒன்றரைப் பக்கம் பேசியவர் இல்லை.

சலிப்பு என்று எழுதினேன். 'அவருக்கு வாழ்க்கை போதும் என்று' — அடித்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமைதான் ஹனீஃபிடம் தக்காளி விதை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். காய்க்க மூன்று மாதம் ஆகும் வகை.

கிழவனின் பிடிவாதம் என்று ஒரே வரியில் எழுதி மேலே போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். வாரப் பத்திரிகையில் அது செல்லும். கிழவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று எழுதினால் இதுவரை எந்த வாசகரும் ஆதாரம் கேட்டதில்லை. ஆனால் பாக்கியம் கேட்பாள். "முப்பத்தெட்டு வருஷத்துல அவரு எதுக்குமே அடம் பிடிச்சதில்ல மாஸ்டர். குழம்புல உப்பு இல்லேன்னாகூட சொல்ல மாட்டாரு. இதுக்கு மட்டும் ஏன்?"

யாரிடம் கேட்பது என்று அவளுக்கு இந்தத் தடவை தெரிந்துதான் இருந்தது. கேட்டாள். ஆனால் பதில்தான் வரவில்லை.

7

முடிவுகள்.

அ) வியாழக்கிழமை காலையில் பாக்கியம் எழுந்து பார்க்கிறாள். கோப்பைக்கு அடியில் படிவம், அதில் கையெழுத்து. அடுத்த வாரம் மஞ்சள் நிற கிரேடர் உறுமிக்கொண்டு வருகிறது. குழாய் பதிக்கிறார்கள். சிஸ்டர் மெரெவாலேசி தன் வண்டியிலேயே வந்து வாசலில் இறங்குகிறாள். இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆகும். இதற்கு நிறையக் கடிதம் வரும்.

ஆ) வெள்ளிக்கிழமை போகிறது. பட்டியல் மூடுகிறது. ஓடையில் தண்ணீர். பெரிய ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில் பாக்கியம் ஒற்றைச் செருப்பைப் பையில் — வேண்டாம். இதை எழுத எனக்கு வயது போய்விட்டது.

இ) பாக்கியமே அவர் கையெழுத்தைப் போட்டுவிடுகிறாள். விலிசோனி பார்க்கிறான், தெரிகிறது, ஒன்றும் சொல்லாமல் மரவள்ளித் துண்டை அவள் பக்கம் தள்ளுகிறான். இது சுலபமாக நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதத் தயங்குகிறேன். இந்த ஊரில் யாராவது இதைப் படித்துவிட்டால்?

ஈ) சாலை ஆணையத்துப் பெண் திரையில் புல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் அந்தப் புல்லுக்கு ஒரு நம்பர் — இல்லை. இது கற்பனை.

நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். முடியவில்லை. நாலு அலுவலகத்திலும் சொன்ன அதே பதிலைத்தான் நானும் சொல்கிறேன்: இது என் எல்லைக்குள் வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். படிவம் கோப்பைக்கு அடியில் இருக்கிறது. பேனா மேசைமேல். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

ஆனால் எழுத உட்காருவதற்கு முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இது ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது.

8

காற்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தேன். (காலி சீட்டில் இருந்தவன் இறங்கிவிட்டான். மன்னிக்கவும். இதை வேறு யார் வழியாகவும் சொல்ல வரவில்லை.) வராந்தாவில் சடையப்பன் மட்டும் இருந்தார். பாக்கியம் கரும்புக் கொல்லையில், மண்வெட்டியால் இளம் கரும்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை.

ஆறாம் பகுதி வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடித்த வரிகளையும் படிக்கச் சொன்னார்.

"ஒன்றரைப் பக்கம் நானா பேசுறேன்?" என்றார்.

"அதை எடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. மூச்சு வாங்கியிருக்கும்."

படிவத்தைக் கோப்பைக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். குத்தகைதாரர் இறந்தால் பண்ணை எண்ணும் அதற்கான கடமைகளும் மனைவிக்குச் சேரும் என்று ஏழாவது வரியில் இருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. பாக்கியமும் படித்திருக்க மாட்டாள். பொடி எழுத்தைப் படிக்க அவளுக்குக் கண் போதாது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். "சொன்னா, அதுக்கென்ன, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிடுவா."

கொல்லையில் பாக்கியம் நிமிர்ந்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடியும் குனிந்தாள். சடையப்பன் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கால் போனா எனக்கு ஒரு காலோட போகும் மாஸ்டர், ஆனா அந்த நம்பர் திரும்ப வந்துச்சுன்னா, நான் செத்தப்புறமும் அந்த ரோட்டை உசுரோட வைக்க வருஷா வருஷம் இவதான் கத்தியத் தூக்கிட்டுக் கரும்புக்குள்ள இறங்கணும், இவ போதும் போதும்னு அழுத அன்னைக்குத்தானே நான் முட்டி வலின்னு சொல்லி அதை விட்டேன்."